இடது உள்ளங்காலில் ஒரு மச்சம்

செருப்பை வெளியே விட்டுவிட்டு வரவும் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்ததால் பெரியண்ணன் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார், அதனால் இடது உள்ளங்காலில் இருந்த மச்சம் நேராகத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, தரை குளுகுளுவென்று இருந்தது, இந்தக் குளிர்ச்சி மச்சத்துக்கும் தெரியுமா அல்லது அதைச் சுற்றியிருக்கிற காலுக்கு மட்டும்தான் தெரியுமா என்று பார்க்க அவர் பாதத்தைக் கொஞ்சம் தூக்கி மறுபடி வைத்தார், ஒரு வித்தியாசமும் இல்லை. டோக்கன் பதினாலு. உள்ளே போயிருப்பது ஒன்பது. மின்விசிறி நல்ல வேகத்தில் சுற்றியது, யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, இது எவ்வளவு பெரிய சுகம் என்பது துறையூர் பஸ் ஸ்டாண்டில் முப்பத்து நாலு வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். இந்நேரம் அங்கே பெரம்பலூர் வண்டி பின்னால் எடுத்துத் திரும்பும், அதன் இடத்தில் ஒரு தனியார் வண்டி மூக்கை நுழைக்கும், இரண்டு கண்டக்டர்களும் அவருடைய ஜன்னலுக்கு வந்து என் நேரம் உன் நேரம் என்று கத்துவார்கள், அவர்கள் அக்குள் வழியாகத் தலையை நீட்டி யாராவது ஒருத்தர் முசிறி பஸ் எப்ப வரும் என்று கேட்பார். இங்கே திருச்சி புத்தூரில் ஒரு தோல் டாக்டரின் கூடத்தில், எந்த வண்டி எப்போது போனால் என்ன. பக்கத்தில் பூங்காவனம் இருந்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இப்படி இரண்டு பேரும் காலை வேளையில் ஒரு வேலையும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவள் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற மாம்பழ நிறப் புடவையை டாக்டர் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், ஏன் என்று அவர் கேட்கவில்லை, கேட்டால் பெரிய டாக்டராமே என்பாள். நன்றாகத்தான் இருந்தது.

பெரிய டாக்டர் என்பதுதான் கொஞ்சம் உறுத்தியது. கால் ஆணிக்கும் சேற்றுப்புண்ணுக்கும் துறையூரிலேயே டாக்டர் உண்டு. இங்கே டோக்கன் போட்டது தாரணி. மகள் பொங்கலுக்கு ஓசூரிலிருந்து வந்தபோது, மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற பெண்ணுக்குக் கண் எங்கே போகும், அப்பாவின் உள்ளங்காலுக்குத்தான் போயிற்று. செல்போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பியிருக்கிறாள். அவர் எழுந்து காபி குடிக்கும்போது, அப்பா இது எத்தனை நாளா இருக்கு என்று கேட்டாள், இருக்கும்மா ரொம்ப நாளா என்றார், எத்தனை நாளா என்றாள் மறுபடி, பெண்ணுக்குக் குரல் ஒரு மாதிரி இருந்தது. புற்று என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. தோல்லயும் வரும்பா, நம்ம ஊர் ஆளுங்களுக்குப் பாதத்துலதான் வரும், பயப்பட ஒண்ணும் இல்ல, ஒரு தடவை பாத்துரணும், அவ்வளவுதான் என்றாள். எது வரும் என்று அவர் கேட்கவில்லை, எது என்று சொல்லாமல் விட்டதிலேயே எது என்று தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் இந்த ஐந்து வாரமாக நடக்கும்போதெல்லாம் இடது காலை வைக்கும்போது மட்டும் ஒரு எண்ணம், வைக்கிறோம், வைத்துவிட்டோம், எடுத்துவிட்டோம். எடுத்துவிடுவார்களோ. சக்கரை வியாதியில் முழங்காலுக்குக் கீழே எடுத்த ஒரு டிரைவர் பஸ் ஸ்டாண்டுக்கு இன்னும் வருவார், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத கால் அரிக்குதுய்யா என்று சொல்லிச் சிரிப்பார். பெரியண்ணனும் கூடச் சிரித்திருக்கிறார். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு வாயிலேயே நின்றுவிடுகிறது. சுவரில் தோலை வெட்டி உள்ளே என்னென்ன அடுக்கு இருக்கிறது என்று காட்டும் படம் ஒன்று மாட்டியிருந்தது, முடி வேர், கொழுப்பு, சிவப்பும் நீலமுமாகக் குழாய்கள், பார்க்க ஏதோ ஊர் வரைபடம் மாதிரி இருந்தது, அவர் அதில் பஸ் ரூட் தேடினார்.

டாக்டர் என்ன கேட்பார். தாரணி கேட்டதைத்தான் கேட்பார். எத்தனை நாளாக இருக்கிறது. உலகத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பெரியண்ணனிடம் இரண்டு பதில் இருந்தது, ஒன்று காகிதத்தில் இருந்தது, இன்னொன்று நிஜத்தில் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் நாற்பத்தோரு வருஷம் வித்தியாசம். பத்தாம் வகுப்பு, கணக்கு வாத்தியார் நாகரத்தினம், வேப்பமரத்தடியில் மேஜை, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு அங்க அடையாளம் எழுதும் நாள். ஆளுக்கு இரண்டு அடையாளம் வேண்டும், மச்சமோ தழும்போ, அழியாததாக இருக்க வேண்டும். வரிசையில் நின்ற பையன்கள் சட்டையைத் தூக்கியும் காலரை இழுத்தும் ஒருத்தன் உடம்பில் ஒருத்தன் மச்சம் தேடினார்கள். சவரிமுத்துவுக்கு மட்டும் ஏழு மச்சம், எதைக் கொடுக்கலாம் எதை வைத்துக்கொள்ளலாம் என்று அவன் நிலபுலன் உள்ளவன் மாதிரி யோசித்துக்கொண்டிருந்தான். பெரியண்ணனுக்கு முழங்காலில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு ஒன்று இருந்தது. இன்னொன்றுக்குப் போக்கிடம் இல்லை. அம்மா பெற்றது அப்படி, சட்டையைக் கழற்றினால் துடைத்து வைத்த சிலேட்டு. இரண்டாவது இல்லாதவர்கள் நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று வாத்தியார் கத்தினார், அப்பாவைக் கூட்டிவருவது என்றால் அப்பாவுக்கு ஒரு நாள் வேலை போகும், முதுகில் நாலு சாத்தும் விழும். உள்ளங்கால்னு சொல்லுடா, குனிஞ்சு யாருடா பாப்பா என்றான் சவரிமுத்து, சொன்னதோடு நிற்காமல் கருப்புப் பேனாவால் இடது காலில் ஒரு புள்ளியும் வைத்துவிட்டான், கூச்சம் தாங்காமல் பெரியண்ணன் நெளிந்ததில் புள்ளி கொஞ்சம் வால் முளைத்துக்கொண்டது. வாத்தியார் குனியவில்லை. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், எழுதினார். இடது உள்ளங்காலில் ஒரு மச்சம். எழுதியது எழுதியதுதான்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள், இந்தப் பொய்க்கு ஒன்பது போதவில்லை. எங்கே எந்த விண்ணப்பம் போட்டாலும் அங்க அடையாளம் என்று ஒரு கட்டம் இருக்கும், அவர் ஒவ்வொரு முறையும் தன் கையாலேயே எழுத வேண்டும், எழுதும்போது கால் கூசும். வேலையில் சேர மருத்துவப் பரிசோதனைக்குப் போன அன்றைக்குக் காலையில் குளித்துவிட்டு மறக்காமல் புள்ளி வைத்துக்கொண்டு போனார், அந்த டாக்டர் கண்ணையும் பல்லையும் பார்த்தார், இருமச் சொன்னார், மச்சம் இருக்கா என்றார், இருக்குங்க என்றார், அவ்வளவுதான். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம், அன்றைக்கு இவருக்கு மடியில் இல்லை, காலடியில் இருந்தது. பெண் பார்க்கப் போனபோதோ இன்னும் கூத்து. பூங்காவனத்தின் அப்பா எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புகிறவர், மாப்பிள்ளைக்கு வயசு என்ன என்று வாயால் கேட்காமல் சான்றிதழ் கேட்டார், வாங்கிக் கூடத்தில் எல்லோரும் கேட்கும்படி முதல் வரியிலிருந்து படித்தார், அங்க அடையாளம் வரைக்கும் படித்துவிட்டு, கால்ல மச்சம் இருக்கவன் ஒரு இடத்துல நிக்க மாட்டான், பஸ்ஸு வேலைக்குப் பொருத்தமாத்தான் இருக்கு என்று சந்தோஷப்பட்டார். எல்லா பஸ்ஸையும் அனுப்பிவிட்டு ஒரே இடத்தில் நிற்கிற வேலை அது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கல்யாணத்தன்று அந்த மனுஷர் மாப்பிள்ளையின் காலைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவ வேண்டும், பெரியண்ணன் விடிகாலையிலேயே கல்யாண மண்டபத்துக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு புள்ளி வைத்தார், தண்ணீர் ஊற்றியதும் தாம்பாளத்தில் ஒரு கருப்புக் கோடு மிதந்தது, மாமனார் அதைப் பார்த்தார், ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு புது வேட்டிக் கரை சாயம் போகுது என்று ஜவுளிக் கடைக்காரனை வைதார். நல்ல மனுஷர். பூங்காவனம் மட்டும் கல்யாணமான புதிதில் ஒரு தடவை காலைப் பிடித்துத் திருப்பி மச்சம் எங்கே என்று கேட்டாள், வெடிப்பில் மறைந்திருக்கிறது என்றார், அவள் நம்பினாள், அல்லது அதற்கு மேல் தேட அவளுக்கு வேலை இருந்தது.

அப்புறம் அது வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்றத்து வெயிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்காலில் கடுகு அளவுக்கு ஒரு கருப்பு. பஸ் ஸ்டாண்டில் ஒட்டின மசி என்று சோப்புப் போட்டுத் தேய்த்தார், போகவில்லை, தேங்காய் எண்ணெய் வைத்துத் தேய்த்தார், போகவில்லை, இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அப்போது அவர் வயிற்றில் ஏற்பட்டது பயம் இல்லை, அதுதான் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அப்படி ஒரு சந்தோஷம். சவரிமுத்து எந்த இடத்தில் பேனாவை வைத்தானோ கிட்டத்தட்ட அந்த இடம். வால் மட்டும் இல்லை. ஆண்டவன் கணக்கைச் சரிசெய்துவிட்டான், ஓய்வு பெறுவதற்குள் ஆளையும் புத்தகத்தையும் ஒன்றாக்கிவிட்டான் என்று நினைத்து அன்றைக்கு மதியம் இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார். வேறு எந்த ஊர்க்காரனாவது காலில் புதிதாக ஒரு கருப்பு முளைத்தால் டாக்டரிடம் ஓடுவான், பெரியண்ணன் அதற்கு எண்ணெய் தேய்த்து வளர்த்தார். கடுகு உளுந்தாயிற்று. உளுந்து பாதிப் புளியங்கொட்டை ஆயிற்று, ஒரு ஓரம் கருகருவென்றும் இன்னொரு ஓரம் பழுப்பாகவும் மையை ஊற்றினால் பரவுமே அந்த மாதிரி பரவிற்று, அப்போதும் அவர், இனி யார் வேண்டுமானாலும் குனிந்து பார்க்கட்டும் என்றுதான் இருந்தார். முட்டாளுக்கு முன்னால் ஒரு கொம்பு பின்னால் ஒரு கொம்பு முளைக்குமா என்ன, இப்படித்தான் காலடியில் முளைக்கும்.

பூங்காவனம் ஆரஞ்சுப் பழம் உரித்து நாலு சுளையை அவர் கையில் வைத்தாள், மருந்து வாசனைக்கு நடுவில் அந்த வாசனை எழுந்ததும் எதிரே துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டிருந்த பெண் இந்தப் பக்கம் பார்த்தாள், அவளுக்கும் இரண்டு சுளை போயிற்று. நல்ல இனிப்பு. இந்தச் சுளையின் இனிப்பு, காற்று, பக்கத்தில் இவள் தோள், இது போதும் என்று தோன்றியது, உள்ளே கூப்பிடாமலே இருந்தால் சாயங்காலம் வரைக்கும் இப்படியே உட்கார்ந்திருக்கலாம். பூங்காவனம் துணிப்பையிலிருந்து ஃபைலை எடுத்தாள். ஆதார் அட்டை, எப்போதோ எடுத்த இ.சி.ஜி., அதற்கு அடியில் காக்கி அட்டை போட்ட எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். இது எதற்கு என்றார். பிறந்ததிலிருந்து இருக்கிற மச்சத்துக்கு ஒரு டாக்டரா, தாரணிக்குத்தான் பயம், எழுத்தில் இருப்பதைக் காட்டினால் டாக்டரே பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றாள் அவள், அப்பா பெண் அல்லவா. சொல்லும்போது அவள் விரல் அந்த அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தது. அவளுக்கும் பயம்தான், அவள் பயத்துக்கு ஒரு புத்தகம் கிடைத்திருக்கிறது, அவருக்கு அதுவும் இல்லை. இப்போதே சொல்லிவிடலாமா. சொன்னால் முப்பது வருஷம் இவளிடம் புளுகியது ஒரு பக்கம். ஓய்வு பெற இன்னும் ஒன்றேகால் வருஷம் இருக்கிறது, பொய் அடையாளம் கொடுத்து வேலையில் சேர்ந்தவன் என்று யாராவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால், பணிப் பதிவேட்டைப் புரட்டினால், ஒரு பேனாப் புள்ளிக்காக பென்ஷனை நிறுத்துவார்களா, நிறுத்த மாட்டார்கள், நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். சொல்லாவிட்டால். டாக்டர் புத்தகத்தைப் பார்ப்பார், நாற்பத்து மூன்று வருஷமாக இருக்கிற மச்சம் போகட்டும் என்பார், கத்தி வேண்டாம், கால் தப்பித்தது, சாப்பிட்டுவிட்டு ஒரு மணி வண்டியைப் பிடித்து ஊருக்குப் போகலாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், பேசாமல் இருப்பதற்குப் பொய் என்று பேர் இல்லை. பதினாலு என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

டாக்டர் வஹீதா, தாரணியைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம், உட்காருங்கய்யா என்றார், பெயர் கேட்டார், சக்கரை கேட்டார், உயரமான படுக்கையில் குப்புறப் படுக்கச் சொன்னார். ஆடை அவிழ்க்கச் சொல்லவில்லை, அதுவே நிம்மதி. பாதத்தை ஒரு பஞ்சால் துடைத்தார், குளிர்ந்தது, பிறகு விளக்கு வைத்த கண்ணாடி ஒன்றைப் பாதத்தோடு சேர்த்து வைத்துக் கண்ணைக் கிட்டக் கொண்டுபோனார். நாற்பத்து மூன்று வருஷத்தில் அந்த உள்ளங்காலைக் குனிந்து பார்த்த முதல் ஆபீசர். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று பெரியண்ணன் மனசுக்குள் எண்ணினார், தொழில் பழக்கம், ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. படுக்கை உறையில் டெட்டால் வாசனை அடித்தது, மூக்கு அமுங்கியது, பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தலைகவிழ்ந்து படுத்தால் வருகிற அதே மூச்சுச் சூடு. பாதத்தில் உழுத வயல் மாதிரி மேடும் பள்ளமுமாகக் கோடு ஓடும், கருப்பு பள்ளத்தோடு போனால் சாதாரண மச்சம், மேட்டில் ஏறினால் கவனிக்கணும், உங்களுக்கு முக்காலும் பள்ளத்தில்தான் இருக்கிறது, ஒரு ஓரத்தில் மட்டும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

“எத்தனை வருஷமா இருக்குங்கய்யா?”

அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் பூங்காவனம் புத்தகத்தை மேஜையில் விரித்துவிட்டாள். டாக்டர் படித்தார், இரண்டாவது தடவை படித்தார், அவர் முகம் மலர்ந்துவிட்டது. மச்சத்தைக் காட்ட வருகிறவர்கள் போன மாசமா அதற்கு முந்தின மாசமா என்று தெரியாமல் விழிப்பார்கள், இப்படி யாரும் அத்தாட்சியோடு வந்ததில்லை என்றார். சின்ன வயசு மச்சம் என்றால் இந்த ஓரத்துக்கு அவ்வளவு கவலைப்பட வேண்டாம், படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன், ஆறு மாசம் கழித்து வந்து காட்டுங்கள், புதிதாக வந்து வளர்ந்ததாக இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பேன் என்றார். சந்தேகம் எதுவும் இல்லையே என்று பூங்காவனம் கேட்க, இல்லம்மா, நல்லவேளை கொண்டுவந்தீங்க என்றார். பூங்காவனம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நேரம் அழாதவள் இப்போது எதற்கு அழுகிறாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார், காலைத் தரையில் வைத்தார். அப்பாடா என்று இருந்தது, இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். கும்பிட்டார். கதவு ஐந்தடி தூரம். நாலு எட்டு வைத்தால் வெளியே, செருப்பு, வெயில், வாழையிலைச் சாப்பாடு, ஒரு மணி வண்டி. இடது கால், வைத்தோம், எடுத்தோம். இன்னொரு டிரைவர், அவர் பேர் என்ன, ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் ஆறு பத்துக்கு வர வேண்டிய நாமக்கல் வண்டியை ஆறு இருபத்தைந்துக்குக் கொண்டுவந்து, ஆறு பத்துன்னே எழுதிருண்ணே, மெமோ குடுத்துருவாங்க, பிள்ளக்குட்டிக்காரன் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாரே. எழுதவில்லை. அன்றைக்கு மட்டுமா, முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு நிமிஷத்தைக்கூட முன்னே பின்னே எழுதியதில்லை, வந்த நேரம் வந்த நேரம்தான் என்று டிப்போ முழுக்கப் பேர், பெரியண்ணன் எழுதினால் கலெக்டரே வந்தாலும் மாற்ற முடியாது என்பார்கள். பின்னால் டாக்டர் பேனா எடுத்து எழுதுகிற சத்தம் கேட்டது. அவருடைய தாளில், அவருடைய காலைப் பற்றி, வந்த நேரம் நாற்பத்து மூன்று வருஷம் என்று அந்தப் பெண் நம்பி எழுதுகிறாள். மறுபடியும் ஒருத்தர் எழுதுகிறார். மறுபடியும் இவர் சும்மா நிற்கிறார். இந்த முறை சும்மா நின்றால் ஆறு மாசம் கழித்து இதே அறையில் இந்தப் பெண் அதே கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் நிற்பாளே, தாரணிக்குப் போன் போடுவார்களே, பூங்காவனம் மாம்பழப் புடவையில் இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாளே. கால் வைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. பயம் விலகவில்லை, பயத்துக்கு மேலே கோபம் வந்தது, தன் மேலேயே வந்தது, நல்ல கோபம். அவர் திரும்பினார்.

“டாக்டரம்மா, அதை அடிச்சிருங்க. அந்தப் புத்தகத்துல இருக்கறது பொய்.”

டாக்டர் பேனாவை நிறுத்தினார். “புரியலீங்களே?”

“அது பேனாப் புள்ளிம்மா. ரெண்டாவது அடையாளம் இல்லாம கூட்டாளி வச்சு விட்டது. இது வந்து ரெண்டு வருஷந்தான் ஆகுது. ஆடி மாசம். கடுகாட்டம் இருந்துச்சு, வளந்துருச்சு.”

அவர் பூங்காவனத்தைப் பார்க்கவில்லை. மருத்துவப் பரிசோதனைக்குப் புள்ளி வைத்தது, கல்யாணத்துக்குப் புள்ளி வைத்தது, தாம்பாளத்தில் சாயம் போனது எல்லாவற்றையும் கேட்காமலே கொட்டிவிட்டார், நிறுத்த வரவில்லை, டாக்டர் முதலில் கவனமாகக் கேட்டார், தாம்பாளம் வந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரித்துவிட்டு மன்னிச்சுக்குங்க என்றார். பிறகு தாளில் எழுதியதை ஒரே கோடாக அடித்து, மேலே இரண்டு வருடம், வளர்ந்து வருகிறது என்று எழுதினார். எழுதியதை அவர் நின்ற இடத்திலிருந்தே படித்தார், சரியாக இருந்தது. பென்ஷனுக்கு ஏதாவது வருமா என்று கேட்டார், இந்தத் தாள் இந்த அறையை விட்டுப் போகாது என்று டாக்டர் சொன்னார். மச்சத்தைப் பற்றியும் சொன்னார், முகம் மாறாமல் நேராகச் சொன்னார். அதுவாகவே இருக்கும் என்று நான் சொல்லவில்லை, இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன், முழுசாக வெட்டி எடுத்து அனுப்பினால் பத்து நாளில் தெரிந்துவிடும், கடைசியில் அதுவாக இருந்தாலும் ஆழமாகப் போகாமல் மேலாகத்தான் இருக்கிற மாதிரி தெரிகிறது, கால் போகிற பேச்சே இல்லை, ஆறு மாசம் விட்டிருந்தால் இதே வார்த்தையை நான் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. கால் போகிற பேச்சே இல்லை. பெரியண்ணனுக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பக்கத்து அறையில் மறுபடி குப்புறப் படுத்தார். நர்ஸ் பாதத்துக்கு மஞ்சள் மருந்து தடவினாள். பூங்காவனத்தை வெளியே உட்காரச் சொன்னார்கள், அவள் போகவில்லை, ஸ்டூலை இழுத்து அவர் தலைமாட்டில் போட்டுக்கொண்டாள், டாக்டரும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அவருக்கு அவள் முன்கை வளையலும் புடவையின் சரிகை ஓரமும் மட்டும்தான் தெரிந்தது, வளையல் ஆடாமல் இருந்தது, கோபமாக இருக்கிறாள், இருக்க வேண்டியதுதான், அவள் அப்பா உயிரோடு இருந்தால் ஜவுளிக் கடைக்காரனிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்வார். ஆனாலும் என்ன ஆச்சரியம், உடம்பு லேசாக இருந்தது. காலில் கத்தி வைக்கப் போகிறார்கள், பத்து நாளைக்கு என்னவோ ஏதோ என்று கிடக்க வேண்டும், இருந்தும் இப்படி நிம்மதியாக அவர் எங்கேயும் குப்புறப் படுத்ததில்லை. பூங்காவனம் குனிந்து அவர் காதருகே கேட்டாள்.

“வேற என்னென்ன பொய் சொல்லியிருக்கீங்க எங்கிட்ட?”

அவர் தேடினார். முப்பது வருஷத்தையும் பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொரு வருஷமாகத் திருப்பிப் பார்த்தார். அவள் தம்பி கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றது நிஜம். புளிக்குழம்பு நன்றாக இருக்கிறது என்றதெல்லாம் நிஜம், ஒன்றிரண்டைத் தவிர. பெரிதாக எதுவும் அகப்படவில்லை, அகப்படாததில் ஒரு பெருமைகூட வந்தது, அப்போதுதான் கிட்டத்திலேயே ஒன்று கிடந்தது கண்ணில் பட்டது.

“காலையில வர்றப்ப, பயமா இருக்கான்னு கேட்டியே. இல்லன்னேன். அது பொய்தான்.”

வளையல் அசைந்தது. அவள் கை அவர் பிடரியில் வந்து உட்கார்ந்தது, வெளியிடத்தில் நாலு பேர் முன்னால் அவள் அவரைத் தொட்டது இதுதான் முதல் தடவை, உள்ளங்கை ஆரஞ்சுத் தோல் வாசனையோடு ஈரமாக இருந்தது. “எனக்குந்தான்” என்றாள்.

மரத்துப்போகிற ஊசி உள்ளங்காலில் இறங்கியது. இவ்வளவு வலி ஒரு சின்ன ஊசியில் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை, வலி தொடை வரைக்கும் ஏறி நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்து டாக்டர் எதையோ வைத்து அழுத்திப் பார்த்தார். வலிக்குதுங்களாய்யா என்றார். இல்லை என்ற வார்த்தை வழக்கம்போல முன்னால் வந்து நாக்கில் நின்றது.

“வலிக்குதும்மா. நல்லாவே வலிக்குது.”

“சொன்னாத்தானே எனக்குத் தெரியும்” என்று டாக்டர் இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றினார். பிறகு வலிக்கவில்லை.